கூட்டங்களுக்கு நேரங் குறித்தலும் முகிற் கணிமையும்

அரசாங்கக் கருமங்களிற் பெரும்பகுதி கூட்டங்களின் வாயிலாகவே நடைபெறுகின்றது. கட்டளையிற் கையொப்பமிடுபவர் ஒருவரேயாயினும், அதற்கு முன்னர்ப் பலர் கூடி ஆராய்தல் வேண்டும். பணத்துக்குப் பொறுப்பானவர், சட்டம் அறிந்தவர், களத்திற் பணிபுரிபவர் ஆகியோர் ஒருங்கிருந்து பேசாவிடிற் கருமம் தடைப்படும். இவ்வாறு கூடுதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய சிறுவேலை ஒன்றுண்டு. அஃது அனைவர்க்கும் ஏற்றதொரு நேரத்தைக் கண்டுபிடித்தலாகும். எளிதெனத் தோன்றும் இவ்வேலை கந்தோர்களிலே எழுதுவினைஞரின் பொழுதைப் பன்னெடுங் காலமாக விழுங்கி வந்துள்ளது. ஒருவருக்குத் தொலைபேசியிற் சொல்லி, மற்றவருக்குக் குறிப்பு அனுப்பி, மூன்றாமவர் மறுத்தபின் முதலாமவரிடம் மீண்டுஞ் செல்லும் அலைச்சல், அலுவலக வாழ்க்கையை அறிந்தோர் யாவரும் அறிந்ததே.

இன்று இவ்வேலையைக் கணினி சில கணங்களிற் செய்து முடிக்கின்றது. அக் கணினியும் அவ்வலுவலகத்தில் இருப்பதில்லை. தொலைவிலுள்ள வேறொரு நிலையத்தில் இருந்துகொண்டு இணையத்தின் வழியே பணிபுரிகின்றது. இம்முறையே முகிற் கணிமை எனப்படும். மேகக் கணிமை என்று வழங்குவாரும் உளர். அரசாங்க நிறுவனமொன்று கூட்ட ஒழுங்குகளை இவ்வியந்திரத்திடம் ஒப்படைக்கும்போது நிகழ்வது யாது? வேகம் மிகுகின்றது என்பது வெளிப்படை. ஆயின், அதனினும் ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. ஓர் அலுவலரின் பொழுது எவ்வாறு செலவாகின்றது என்னும் அறிவு, அவருடைய மேசைக் குறிப்பேட்டை விட்டு நீங்கிப் பலர்க்கும் பொதுவாகிவிடுகின்றது. இதன் தொழிற்பாட்டையும் விளைவுகளையும், ஐக்கிய அமெரிக்காவின் பொதுச் சேவைகள் நிருவாகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுச் சேவைகள் நிருவாகம் 1949 ஆம் ஆண்டு யூலை மாதம் 1 ஆந் திகதி, ஹரி ட்ரூமன் சனாதிபதியாக இருந்த காலத்திலே தோற்றுவிக்கப்பட்டது. சமஷ்டி அரசாங்கத்தின் நிருவாகச் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த ஹூவர் ஆணைக்குழுவின் விதப்புரையே இதற்கு வித்தாயிற்று. ஏனைய திணைக்களங்களுக்கு வேண்டிய கட்டடங்களை ஏற்படுத்தல், பொருள்களையும் சேவைகளையும் கொள்வனவு செய்தல் முதலிய பணிகள் இதனைச் சார்ந்தவை. ஒரு பெருங் குடும்பத்திலே வீட்டுக் கருமங்களைக் கவனிப்பார் ஒருவர் இருத்தல் போல, அமெரிக்க அரசாங்கத்துக்கு இந்நிறுவனம் அமைந்துள்ளது எனலாம். தலைமையகம் வாஷிங்டனில் இருப்பினும், பொஸ்ரன் முதல் சன் பிரான்சிஸ்கோ வரை நாடெங்கும் பரந்த 11 பிரதேசங்களாக இதன் பணி வகுக்கப்பட்டது. ஆதலின் இந்நிறுவனத்தார் ஒரு கூட்டத்தைக் கூட்ட முற்படுங்கால், ஒரே கட்டடத்தில் இருப்போரை அழைத்தல் மட்டும் போதாது. நேரத்தாலும் இடத்தாலும் வேறுபட்டோரை ஒருங்கிணைத்தல் வேண்டும்.

நேரங் குறித்தல் ஏன் கடினமாகின்றது என்பதைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். வேலைநாள் எட்டு மணித்தியாலம் எனக் கொண்டால், அதில் அரைமணிக் கூறுகள் 16 உள. ஒவ்வோர் அலுவலரும் தம் நேரத்திற் பாதியை ஏற்கெனவே வேறு கருமங்களுக்கு ஒதுக்கிவிட்டார் எனவும், ஒருவருடைய ஒதுக்கீடு மற்றவருடையதனோடு தொடர்பற்றது எனவும் கொள்க. ஒரு குறித்த கூறு ஒருவருக்கு ஓய்வாக இருத்தற்கு வாய்ப்பு இரண்டில் ஒன்று. இருவருக்கும் ஒருங்கே ஓய்வாக இருத்தற்கு நான்கில் ஒன்று. ஐவருக்கு 32 இல் ஒன்று; பதின்மருக்கு 1024 இல் ஒன்று. இரு வாரங்களிற் பத்து வேலைநாள்கள், அஃதாவது 160 கூறுகள் உள்ளன. ஐவர் கூடுவதாயின் அவற்றுள் ஐந்து கூறுகள் சராசரியாகக் கிடைக்கும். பதின்மர் கூடுவதாயின், ஏறக்குறைய பதின்மூன்று வாரங்களுக்கு ஒரு கூறே கிடைக்கும். ஒரு மணித்தியாலம் நீடிக்கும் கூட்டமாயின் அடுத்தடுத்த இரு கூறுகள் வேண்டுமாதலின், வாய்ப்பு இன்னும் அருகும். உண்மை வாழ்க்கையில் அலுவலரின் ஒதுக்கீடுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையல்ல. மதிய உணவு நேரம் யாவர்க்கும் ஒன்றே. எனினும் கணக்குக் காட்டும் உண்மை மாறாது: அழைக்கப்படுவோர் சிலரே கூடினும், பொது ஓய்வு மிக விரைவாகக் குறைந்துவிடும்.

எழுதுவினைஞர் ஒருவர் ஒவ்வொரு நேரமாக எடுத்து, ஒவ்வொருவராக வினாவிச் செல்லும்போது, ஒருவரின் மறுப்பு அதுவரை பெற்ற இணக்கங்கள் அனைத்தையும் பயனற்றதாக்கிவிடும். அவ்விடைக்காலத்தில் முன்னர் இணங்கியோரும் அந்நேரத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடுதல் கூடும். ஆகவே இடர்ப்பாட்டுக்குக் காரணம் எழுதுவினைஞரின் திறமைக் குறைவன்று. அனைவருடைய நேரங்களையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு அவருக்கு இல்லாமையேயாகும்.

கணினி இவ்வாய்ப்பைப் பெறும் வழி மிக எளிமையானது. ஒவ்வோர் அலுவலருடைய நாளையும் சிறு கூறுகளின் வரிசையாக அது கொள்கின்றது. ஓய்வான கூற்றுக்கு 0 எனவும், ஒதுக்கப்பட்ட கூற்றுக்கு 1 எனவும் குறியிடலாம். காலை 9 மணி, 9.30, 10, 10.30 ஆகிய நான்கு கூறுகளை எடுத்துக்கொள்க. முதலாம் அலுவலரின் வரிசை 1, 0, 0, 1 எனவும், இரண்டாமவரது 0, 0, 1, 1 எனவும், மூன்றாமவரது 1, 0, 0, 0 எனவும் இருக்குமாயின், மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து நோக்குக. எந்த நிரலில் ஒரு 1 ஆயினும் உண்டோ அது விலக்கப்படும். எஞ்சுவது 9.30 மணிக்குரிய நிரல் ஒன்றே. மூவர்க்குச் செய்த இதே செயலை முந்நூற்றுவர்க்குச் செய்தலும் கணினிக்கு அரிதன்று. கூட்ட மண்டபமும் இவ்வாறே ஓர் உறுப்பினராகக் கொள்ளப்படும். அதற்கும் தனி நாட்காட்டி உண்டு. மண்டபம் வெறுமையாக இருத்தலும் அலுவலர் ஓய்வாக இருத்தலும் கணினிக்கு ஒரு தன்மையனவே.

இங்கே கருத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நேரத்தைக் கண்டுபிடித்தற்கு, ஓர் அலுவலர் ஏன் ஓய்வற்றவராக இருக்கின்றார் என்பதைக் கணினி அறிய வேண்டியதில்லை. அவர் மருத்துவரிடஞ் செல்கின்றாரா, அமைச்சரைக் காணச் செல்கின்றாரா என்பது தேவையற்றது. ஓய்வில்லை என்னும் செய்தி ஒன்றே போதும். காரணத்தையும் ஓய்வையும் இவ்வாறு பிரித்துவைத்தல், ஒருவருடைய அந்தரங்கத்தைக் காத்தற்கு முதற்படியாகும்.

பல்வேறு நிறுவனத்தாரின் நாட்காட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொதுமொழி ஒன்று வேண்டும். இணையப் பொறியியற் செயலணி 1998 ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் ஐகலெண்டர் எனும் நியமத்தை வெளியிட்டது. 2009 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அது திருத்தி அமைக்கப்பட்டது. ஒரு நிகழ்ச்சி எப்போது தொடங்கி எப்போது முடியும், எங்கே நடைபெறும், அழைப்பவர் யார், அழைக்கப்படுவோர் யாவர் என்பவற்றை எவ்வாறு எழுதுதல் வேண்டுமென இந்நியமம் வரையறுக்கின்றது. ஓய்வையும் ஓய்வின்மையையும் மட்டும் அறிவிக்கும் தனிப் படிவமும் இதில் உண்டு. இதனோடு வந்த துணை நியமம் அழைத்தல், விடையளித்தல், மாற்றுநேரங் கூறல், நீக்கல் முதலிய செயல்களுக்கு முறை வகுத்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறெதற்கும் இல்லாத அடையாளம் ஒன்று வழங்கப்படும். கூட்டநேரம் மாற்றப்படுந்தோறும் அதற்குரிய திருத்த எண் உயரும். பழைய அறிவித்தல் தாமதித்து வந்துசேரினும், அதன் எண் சிறியதாக இருத்தலால் புதிய அறிவித்தலை அது மாற்றிவிட இயலாது. கந்தோர்க் கோப்புகளிலே கடிதங்களுக்கு இலக்கமிட்டுப் பேணும் பழைய முறையின் நுண்வடிவமே இஃது எனலாம்.

இனி, முகில் இங்கே ஏன் வேண்டப்படுகின்றது என்பதை நோக்குதல் தகும். முற்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் மின்னஞ்சலையும் நாட்காட்டிகளையும் தன் சொந்தச் சேவையகங்களிலே வைத்திருந்தது. அவற்றை வாங்குதல், குளிர்வித்தல், பழுதுபார்த்தல், புதுப்பித்தல் ஆகிய அனைத்தும் அந்நிறுவனத்தின் பொறுப்பு. ஒவ்வொரு பிரதேசமும் தனக்கெனச் சேவையகம் வைத்திருப்பின், ஒரு பிரதேசத்தில் நேர்ந்த மாற்றம் மற்றதற்குச் சென்று சேரும்வரை ஈரிடத்தும் இருவேறு படிகள் நிலவும். அவ்விடைவேளையில் இருவர் ஒரே மண்டபத்தை ஒரே நேரத்துக்கு ஒதுக்கிவிடுதல் கூடும். அனைவரும் பார்ப்பதும் திருத்துவதும் ஒரே ஏடாக இருப்பின், முதலில் வந்த வேண்டுகோள் ஏற்கப்பட்டதும் அடுத்து வருவது மறுக்கப்படும்.

கணிப்பு வலுவை மின்சாரம்போலப் பொதுவாக வழங்கலாம் என்னுங் கருத்துப் புதிதன்று. 1961 ஆம் ஆண்டிலே மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றிய ஜோன் மக்காதி என்பார், கணிப்பு ஒருநாள் தொலைபேசியைப்போலப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அமையக்கூடும் எனக் கருத்துத் தெரிவித்தார். இக்கருத்து நடைமுறையிற் கைகூடியபின், அமெரிக்கத் தேசிய நியம தொழினுட்ப நிறுவகம் 2011 ஆம் ஆண்டு செப்டெம்பரில் முகிற் கணிமைக்கு வரைவிலக்கணம் வகுத்தது. அதன்படி முகிலுக்கு இன்றியமையாத பண்புகள் ஐந்து. வேண்டுவோர் பிறர் துணையின்றித் தாமே வேண்டியபோது பெறுதல்; வலையமைப்பின் வழியே எங்கிருந்தும் அணுகுதல்; வளங்களைப் பலர்க்கும் பொதுவாகத் திரட்டி வைத்தல்; தேவைக்கேற்ப விரைவாகப் பெருக்கலும் சுருக்கலும்; பயன்பாட்டை அளந்தறிதல் என்பனவே அவை. நாட்காட்டிச் சேவை, முடிவுற்ற மென்பொருளாகவே பயனருக்கு வழங்கப்படும் வகையைச் சார்ந்தது. பயனர் சேவையகத்தையுங் காண்பதில்லை, அதன் இருப்பிடத்தையும் அறிவதில்லை.

பராக் ஒபாமாவின் ஆட்சிக்காலத்தில், 2009 ஆம் ஆண்டு சமஷ்டி அரசாங்கத்தின் முதலாவது தலைமைத் தகவல் அதிகாரியாக விவேக் குந்திரா என்பார் நியமிக்கப்பட்டார். 2010 ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் வெளியிட்ட 25 அம்சத் திட்டம், புதிய கணினித் தேவைகளுக்குத் திணைக்களங்கள் முகிலையே முதலில் நாடுதல் வேண்டும் என்னுங் கொள்கையை வகுத்தது. முகிலுக்கு மாற்றத்தக்க மூன்று சேவைகளை ஒவ்வொரு திணைக்களமும் மூன்று மாதங்களுள் இனங்கண்டு, அவற்றுள் ஒன்றைப் பன்னிரண்டு மாதங்களிலும் எஞ்சிய இரண்டைப் பதினெட்டு மாதங்களிலும் மாற்றவேண்டும் என அது பணித்தது. அம்மாதத்திலேயே பொதுச் சேவைகள் நிருவாகம் தன் மின்னஞ்சலையும் நாட்காட்டியுள்ளிட்ட கூட்டுப்பணிக் கருவிகளையும் கூகிள் நிறுவனத்தின் முகிலுக்கு மாற்றும் ஒப்பந்தத்தை அறிவித்தது. ஐந்தாண்டுக்குரிய அவ்வொப்பந்தத்தின் பெறுமதி 6.7 மில்லியன் டொலர். அதனை நிறைவேற்றும் பொறுப்பை யூனிசிஸ் நிறுவனம் ஏற்றது. ஏறக்குறைய 17,000 பேர் லோட்டஸ் நோட்ஸ் எனும் பழைய முறையை விட்டு 2011 ஆம் ஆண்டில் புதிய முறைக்கு வந்தனர். நிறுவனம் முழுவதற்குமான மின்னஞ்சலை முகிலுக்கு மாற்றிய முதலாவது சமஷ்டி நிறுவனம் இதுவேயாகும்.

ஒரே ஏட்டினால் விளையும் நன்மையை நேர வலயங்களிலே தெளிவாகக் காணலாம். வாஷிங்டனிற் காலை 9 மணியாக இருக்கும்போது சன் பிரான்சிஸ்கோவில் 6 மணி. ஆண்டிற் பெரும்பகுதி அமெரிக்கர் தம் கடிகாரங்களை ஒரு மணி முன்னே நகர்த்தி வைப்பர். அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதியினர் அவ்வாறு செய்வதில்லை. 2005 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, 2007 ஆம் ஆண்டு முதல் இம்மாற்றம் ஏப்பிரில் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக மார்ச்சு இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையிலேயே தொடங்கலாயிற்று. இதனை அறியாத கணினிகள் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குக் கூட்டநேரங்களை ஒரு மணித்தியாலம் பிழையாகக் காட்டும் நிலை ஏற்பட்டது. நிறுவனங்கள் கணினி தோறுஞ் சென்று திருத்த வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் உள்ள ஏடாயின், ஒருமுறை திருத்தினாற் போதும்.

இத்திருத்தங்களுக்கு ஆதாரமாக உலகெங்கும் பயன்படும் நேர வலயத் தரவுத்தளத்தைத் தொடங்கிப் பேணியவர் ஆதர் டேவிட் ஒல்சன் என்பார். அவர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களிற் பணியாற்றியவர். அத்தரவுத்தளத்தில் இலங்கைக்கும் இடமுண்டு. 1996 ஆம் ஆண்டு மே மாதத்திலே இலங்கை நேரம் கிறீனிச் நேரத்தினும் ஐந்தரை மணி முற்பட்ட நிலையிலிருந்து ஆறரை மணியாக மாற்றப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறு மணியாயிற்று. 2006 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் மீண்டும் ஐந்தரை மணிக்கு வந்தது. கொழும்பிலே 2000 ஆம் ஆண்டில் நடைபெற்ற ஒரு கூட்டத்தின் நேரத்தை வாஷிங்டனிலிருந்து இன்று ஆராய்வோர், இம்மாற்றங்களை அறியாவிடின் அரைமணி பிழைப்பர். எனவே நேரம் என்பது வானத்துச் சூரியன் மட்டுந் தருவதன்று. அரசாங்கங்களின் கட்டளைகளும் அதனை ஆக்குகின்றன.

முகிலின் நன்மைகளைக் கூறுவோர் செலவு குறைதலையும் எடுத்துரைப்பர். பொதுச் சேவைகள் நிருவாகமும் ஐந்தாண்டிற் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறையும் என எதிர்பார்த்தது. ஆயினும் அந்நிறுவனத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2012 ஆம் ஆண்டு இம்மாற்றத்தைக் கணக்காய்வு செய்தபோது, எதிர்பார்க்கப்பட்ட சேமிப்பை உறுதிப்படுத்த இயலவில்லை என அறிக்கையிட்டது. சேமிப்பு நிகழவில்லை என்பது இதன் பொருளன்று. சேமிப்பைக் காட்டவல்ல கணக்கு முறையாகப் பேணப்படவில்லை என்பதே பொருள். புதுமையைப் புகுத்துவோர் அதன் பயனை அளக்கும் கருவியையும் உடன் புகுத்துதல் வேண்டும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி தருகின்றது.

பாதுகாப்புப் பற்றிய பாடம் வேறொன்று. முகிலில் ஒரு சேவை மற்றொரு சேவையோடு இலகுவில் இணைக்கப்படும். 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே கண்காணிப்பாளர் அலுவலகம் எச்சரிக்கை ஒன்றை விடுத்தது. அந்நிறுவனத்தில் அக்காலத்தில் இயங்கிய 18எஃப் எனும் பிரிவினர், உரையாடற் சேவையொன்றுக்கு வழங்கிய அனுமதியின் விளைவாக, நூற்றுக்கு மேற்பட்ட கோப்புச் சேமிப்பிடங்கள் ஐந்து மாதங்களாக அனுமதியற்றோர் அணுகக்கூடிய நிலையில் இருந்தன என அது கூறிற்று. எவரும் பூட்டை உடைக்கவில்லை; உரியவரே திறவுகோலை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தமையால் விளைந்தது இது. முகிற் சேவைகளை அரசாங்கப் பயனுக்கு ஏற்குமுன் அவற்றின் பாதுகாப்பை ஒரே முறையில் மதிப்பிடுதற்காக, பெட்ராம்ப் எனும் திட்டம் 2011 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஏற்படுத்தப்பட்டிருந்தது. ஒருமுறை மதிப்பிட்டதைப் பல திணைக்களங்களும் பயன்படுத்தல் அதன் அடிப்படை. 2022 ஆம் ஆண்டு அதற்குச் சட்டத்தின் வலுவும் அளிக்கப்பட்டது. ஆயினும் எத்துணைச் சிறந்த மதிப்பீடும், கொடுக்கத் தகாத அனுமதியைக் கொடுக்கும் கையைத் தடுக்கமாட்டாது.

இனிப் பொருளின் மையத்துக்கு வருதல் தகும். தனியார் வணிக நிலையம் தன் கூட்டங்களை விரும்பியபோது விரும்பியவாறு நடத்தலாம். அரசாங்கக் கூட்டத்தின் நிலை வேறு. அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சமஷ்டி ஆலோசனைக் குழுச் சட்டத்தின்படி, அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறும் புறக்குழுக்களின் கூட்டங்கள் முன்கூட்டியே பொதுமக்களுக்கு அறிவிக்கப்படல் வேண்டும். சமஷ்டி வர்த்தமானியிற் பதினைந்து நாள்களுக்கு முன்னர் அறிவித்தல் வெளிவருதல் அதன்கீழ் எழுந்த விதி. இச்சட்டத்தின் செயற்பாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பு 1977 ஆம் ஆண்டு முதல் பொதுச் சேவைகள் நிருவாகத்திடமே ஒப்படைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. 1976 ஆம் ஆண்டின் சூரியவொளிச் சட்டம், உறுப்பினர் பலர் கூடி ஆளும் ஆணைக்குழுக்களின் கூட்டங்களைக் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன் அறிவிக்குமாறு பணித்தது. ஆகவே, நாளைக் காலை 9.30 மணிக்கு அனைவரும் ஓய்வாக உள்ளனர் எனக் கணினி கண்டுபிடிப்பினும், அந்நேரத்தில் அத்தகைய கூட்டம் நடைபெறல் ஆகாது. அழைக்கப்படாத ஓர் உறுப்பினர் அங்கே உளர், அவரே பொதுமகன். அவருடைய நாட்காட்டி எந்தச் சேவையகத்திலும் இல்லை. அவர் வருதற்கு வேண்டிய அவகாசத்தைச் சட்டமே ஒதுக்கி வைத்துள்ளது.

நாட்காட்டி தானும் பொதுமகனுக்கு உரியதா என்னும் வினா நீதிமன்றத்திலே எழுந்தது. 1966 ஆம் ஆண்டின் தகவற் சுதந்திரச் சட்டம், அரசாங்க நிறுவனங்களின் பதிவேடுகளைக் கேட்டுப் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியது. அலுவலர் ஒருவரின் நாட்குறிப்பு நிறுவனத்தின் பதிவேடா, அன்றி அவரது சொந்தக் குறிப்பா? 1984 ஆம் ஆண்டிலே கொலம்பியா மாவட்டச் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம், நீதித் திணைக்கள உயரலுவலர் ஒருவரின் பத்திரங்களை ஆராய்ந்து இரு வகைப்படுத்தியது. அலுவலர் தம் வசதிக்காக வைத்திருந்த சந்திப்புக் குறிப்பேடு அவருக்கே உரியது. ஆயின் பணியாளரிடையே பகிரப்பட்ட அன்றாட நிகழ்ச்சி நிரல் நிறுவனத்தின் பதிவேடு என அது தீர்ப்பளித்தது.

2006 ஆம் ஆண்டு அதே நீதிமன்றத்தின்முன் விவசாயத் திணைக்களத்து அலுவலர் அறுவரின் கணினி நாட்காட்டிகள் வந்தன. மேலுஞ் சமைக்காமலே உண்ணத்தக்க நிலையில் விற்கப்படும் இறைச்சியிலே காணப்படும் லிஸ்தீரியா எனும் நோய்க்கிருமி பற்றி அரசாங்கம் விதி வகுத்துக்கொண்டிருந்தபோது, அவ்வலுவலர்கள் யார் யாரைச் சந்தித்தனர் என அறிய அமெரிக்க நுகர்வோர் சம்மேளனம் விரும்பியது. ஐவருடைய நாட்காட்டிகள் ஏனைய அலுவலரிடையே பகிரப்பட்டவை. அவர்கள் எப்போது ஓய்வாக உள்ளனர் என்பதை அறிந்து அலுவலகக் கருமம் நடைபெறுதற்குப் பயன்பட்டவை. அவை நிறுவனத்தின் பதிவேடுகளே என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறாமவருடைய நாட்காட்டி அவ்வாறு பரவலாகப் பகிரப்படவில்லையாதலின் அது விலக்கப்பட்டது.

இத்தீர்ப்பின் உட்பொருள் மிக ஆழமானது. ஒரு நாட்காட்டியைச் சொந்தக் குறிப்பினின்றும் பொதுப் பதிவேடாக மாற்றுவது எதுவோ, அதுவே கூட்டநேரத்தைத் தானாகக் கண்டுபிடித்தலையும் இயலச் செய்கின்றது. அப்பொதுப் பண்பு பகிர்தலாகும். பகிராத நாட்காட்டியைக் கொண்டு கணினி நேரங் குறிக்க இயலாது. பகிர்ந்த நாட்காட்டியோ பிறர் கேட்டுப் பெறத்தக்கதாகின்றது. ஓர் அலுவலர் தம் காலத்தை யாருக்குக் கொடுத்தார் என்பதற்கு, முகிலில் உள்ள ஏடு சான்றாகி நிற்கின்றது. விதி வகுக்கப்படுமுன் வணிகரோடு நான்கு முறையும் நுகர்வோரோடு ஒருமுறையும் ஓர் அலுவலர் பேசினாராயின், அக்கணக்கை இனி எவரும் எண்ணிப் பார்க்கலாம். வேகத்துக்காகப் புகுத்தப்பட்ட கருவி, பொறுப்புடைமைக்குக் கருவியாதல் இவ்வாறே. ஆயின் இப்பயன் தானாக நிலைப்பதன்று. சந்திப்பை நாட்காட்டியில் எழுதாது விடுதலும், பொருளற்ற தலைப்பிட்டு மறைத்தலும், உரிய காலத்துக்கு முன் அழித்தலும் அலுவலரின் கையிலேயே உள்ளன. ஏடு உண்மை சொல்லுதல், எழுதுவோரின் நேர்மையைப் பொறுத்தது.

இறுதியாக, இயந்திரம் செய்யமாட்டாதவற்றையும் எண்ணுதல் வேண்டும். நாட்காட்டியில் வெறுமையாகத் தோன்றும் நேரம் பயனற்ற நேரமன்று. அறிக்கை எழுதுதற்கும் வழக்கொன்றை ஆழ்ந்து ஆராய்தற்கும் தடையற்ற பொழுது வேண்டும். கணினி அதனை 0 என்றே காணும். முன்னைய நாளிற் கூட்டமொன்றைக் கூட்டுதற்கு உழைப்பு வேண்டியிருந்தது. அவ்வுழைப்பே தேவையற்ற கூட்டங்களுக்கு ஒரு தடையாகவும் இருந்தது. இப்போது அழைப்பவருக்குச் செலவு ஒரு சிறு அசைவு மட்டுமே. அழைக்கப்படுவோருக்கோ செலவு குறையவில்லை: பதின்மர் ஒரு மணித்தியாலங் கூடினால், மக்களின் வரிப்பணத்திற் பத்து மணித்தியாலம் செலவாகின்றது. இக்கூட்டம் வேண்டுமா, கடிதம் ஒன்று போதாதா, இவரை அழைப்பின் அவர் மனம் நோகுமா, களைத்திருக்கும் இவரை இன்று வருத்தலாமா என்றெல்லாம் அனுபவமிக்க எழுதுவினைஞர் எண்ணியறிந்தார். அவ்வறிவு கணினிக்கு அளிக்கப்படவில்லை.

ஆதலின் முகிற் கணிமை கூட்டநேரத்தைக் காணும் அலைச்சலை நீக்கியது என்பதை மறுப்பார் இலர். அவ்வலைச்சல் மீண்டும் வேண்டும் என விரும்புவாரும் இலர். மீந்த பொழுதை எதற்குப் பயன்படுத்துவது என்பதே எஞ்சிய வினா. அலுவலரின் காலம் அவருக்கே சொந்தமானதன்று. மக்கள் அவரிடம் ஒப்படைத்த பொருள் அது. அப்பொருள் எங்கே வெறுமையாகக் கிடக்கின்றது என்று கணினி காட்டும். அதனை யாருக்கு, எதற்கு, மக்கள் அறியக் கொடுப்பதா அறியாமற் கொடுப்பதா என்று முடிவு செய்தல் இன்னும் மனிதரின் கடமையாகவே இருக்கின்றது.